ஐந்து முறை பாடினால் இருபது நிமிடம்

மார்ச் 3

மதிப்பிற்குரிய பாடகி அவர்களுக்கு,

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். 'அம்மா' என்றால் உங்களுக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. 'மேடம்' என்றால் நான் விடுப்பு கேட்பது போலிருக்கிறது. நீங்கள் காலையில் ரொட்டி வண்டி ஓட்டுவதால் எல்லோரும் உங்களை 'ரொட்டி அக்கா' என்கிறார்களாம். அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதம் முன்பு பூங்காவில் நீங்கள் பாடியபோது கடைசி வரிசைக்கும் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். உங்கள் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில், "பாட்டு பிடித்திருந்தால் கடிதம் போடுங்கள், போனில் பாராட்டினால் வண்டி ஓட்டும் அவசரத்தில் மறந்துபோகும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி அனுப்பும் அறை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சந்தையில் மூட்டை தூக்கும் என் அப்பா, "என் பொண்ணு ஒரு நாளைக்கு ஒரு கோடி கிருமியக் கொல்றா" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். அந்த நீராவி இயந்திரத்தைக் கண்டாலே அவருடைய பெண் ஓடப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. அதை நாங்கள் 'பானை' என்போம். ஆள் உயரம், என் வயதைவிடப் பழையது. மூடியை முறுக்கி, அழுத்தம் ஏறியதும், இருபது நிமிடம் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது உறுமும். மூடி பறந்து வந்து என் முகத்தில் அடிப்பதாக எனக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் உங்கள் பாட்டைப் பாடத் தொடங்கினேன்.

கதவு சாத்திக் கிடந்தா என்ன,
காத்து உள்ள வருதுல்ல.
ஆளு முகம் தெரியாட்டி என்ன,
மூச்சு சத்தம் கேக்குதுல்ல.
பயப்படாத, பயப்படாத,
பக்கத்துல ஆள் இருக்கு.

இந்த வரி வந்ததும் என் தோள்கள் இறங்கிவிடும். யாரோ உண்மையாகவே சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது போலிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. நான் சேர்ந்த இரண்டாவது வாரம் அறையின் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. பானையில் நேரம் முடிந்தால் அடிக்கும் மணி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. கைக்கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஸ்டோர்காரரிடம் புதுக் கடிகாரம் கேட்டேன். "டிகிரி முடிச்ச பொண்ணு, ஒனக்கும் கடிகாரம் வேணுமா? பாரம் எழுதி மூணு கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார். மூன்று பெரிய மனிதர்கள் முன்னால் போய் நிற்பதை நினைத்ததும் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உங்கள் பாட்டின் ஒலிப்பதிவு சரியாக நான்கு நிமிடம். வீட்டில் மூன்று நாள் அதோடு சேர்ந்து பாடிப் பழகினேன். பிறகு தனியாகப் பாடி, அப்பாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு விநாடி பிசகவில்லை. ஐந்து முறை பாடினால் இருபது நிமிடம். இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. உங்கள் பாட்டு எனக்குத் தைரியமும் கொடுக்கிறது, நேரமும் காட்டுகிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதினேன்.

பணிவுடன்,
பானைக்காரி

*

மார்ச் 9

பானைக்காரிக்கு,

அக்கா என்றே எழுது. மதிப்பிற்குரிய என்று பார்த்ததும் போக்குவரத்துப் போலீஸ் அனுப்பிய கடிதம் என்று பயந்து இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

என் பாட்டைக் கேட்டுக் குழந்தை தூங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். காதலி திரும்பி வந்தாள் என்று ஒருவன் எழுதினான். பிறகு மறுபடி போய்விட்டாள் என்றும் எழுதினான். கத்தரிக்கோலும் கத்தியும் வெந்தன என்று எழுதியது நீதான். பேக்கரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அடுப்பு பார்ப்பவர், "அப்ப நம்ம ரொட்டிக்கும் ஒரு பாட்டு எழுதும்மா, கருகாம இருக்கட்டும்" என்கிறார்.

அந்தப் பாட்டும் ஆஸ்பத்திரியில் எழுதியதுதான். என் தம்பியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி ரசீதின் பின்பக்கம் எழுதினேன். அவன் இப்போது நன்றாக இருக்கிறான், என்னைவிடக் குண்டு.

பாடிக்கொண்டே இரு.

அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். சின்ன விஷயமாகவே இருக்கலாம்.

நேற்று முன்தினம் மதியம் பானையின் வால்வு வழக்கத்தைவிடப் பலமாக அடித்துக்கொண்டது. கரண்டியால் யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல. நான் சுவரோரமாக ஒதுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினேன். ஐந்து முறை. விரலை மடக்கி எண்ணினேன், எண்ணிக்கையில் தவறு இல்லை. பிறகு வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, துணியில் சுற்றிய மூன்று கருவி செட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்தபோது டீ வண்டி வந்திருக்கவில்லை. தினமும் நான் வெளியே வரும்போது டீக்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருப்பார். அன்று கை கழுவி, துணி மடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. "இன்னைக்கு லேட்டா?" என்றேன். "நான் என்னைக்கு லேட்டா வந்திருக்கேன்? நீதான் சீக்கிரம் நிக்கிற" என்றார்.

செட்டின் மேல் ஒட்டும் டேப் கறுத்திருந்தது. அது நீராவி பட்டாலே கறுத்துவிடும். எவ்வளவு நேரம் பட்டது என்பதை அது சொல்லாது. கல்லூரியில் இதற்கு ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது, ஐந்தும் வாங்கினேன்.

நீங்கள் எப்போது பாடினாலும் அந்தப் பாட்டு நான்கு நிமிடம்தானே?

பானைக்காரி

*

மார்ச் 20

தங்கச்சி,

ஒரு டீ வண்டிக்காக இவ்வளவு கலங்குவாயா? அந்த அம்மா அன்று நின்று யாரிடமாவது கதை பேசியிருப்பார். டேப் கறுத்துவிட்டதல்லவா, அப்புறம் என்ன?

நீ இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. புதிதாகச் சேர்ந்த பெண், அதுவும் வாய் இல்லாத பெண் என்றால், பழைய உடைசல் எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் கைகாட்டுவார்கள். வேலை போனால் உன் அப்பா சந்தையில் யாரிடம் என்ன சொல்வார்? ஒன்றும் ஆகாது. பயப்படாதே.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். இப்போது அதைத் திறக்க முடியாமல் தவிக்கிறேன்.

அந்த மூன்று செட்டுகளில் ஒன்று மறுநாள் ஒரு பெயிண்டரின் ஆபரேஷனுக்குப் போனது. சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தவர். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் வந்திருக்கிறது. காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. மாடிப்படியில் இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். நான் சுவரோடு ஒட்டி வழி விட்டேன். ஒருவர் சொன்னார், "மருந்துக்குக் கேக்கலன்னா தகட எடுத்துடணும். அதுக்கும் அடங்கலன்னா கால யோசிக்க வேண்டியிருக்கும்."

காலை யோசிப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அப்பா, "வேல ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வார்டு பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். யாராவது என் பின்னால் வேகமாக நடந்தால் என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. பானையிடம் இப்போது பயமில்லை. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டதால் அது ஒரு பாத்திரமாகிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்ட மறுநாளே அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன். விதிமீறல்தான். யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் முன்பே இதைச் செய்திருக்கலாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. 'பயப்படாதே' என்றுதான் எழுதினீர்கள். அதைத்தான் பாட்டிலேயே சொல்லிவிட்டீர்களே, கடிதத்தில் எதற்கு?

மறுபடி கேட்கிறேன். பயத்தில் பாடும்போது உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது?

*

மார்ச் 27

தங்கச்சிக்கு,

பெயர்கூடப் போடாமல் முடித்திருக்கிறாய். சரிதான்.

உன் கேள்வியைப் போன தடவையே படித்தேன். வேண்டுமென்றேதான் தாண்டிப் போனேன். எனக்குப் பதில் தெரியும். மேடையில் ஏறிய யாருக்கும் தெரியும். பயந்தால் பாட்டு ஓடும். நமக்கு மட்டும் அது தெரியாது, நிதானமாகப் பாடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். என்னோடு மேளம் அடிப்பவர் முதல் வருடம் முழுவதும், "எங்க ஓடுற, பஸ்ஸா புடிக்கப் போற?" என்று மேடையிலேயே திட்டியிருக்கிறார்.

உன் கடிதம் வந்ததும் பழைய பதிவுகளைத் தேடினேன். முதன்முதலில் ஆயிரம் பேர் முன்னால் நான் பாடியதை யாரோ பதிவு செய்திருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். ஒரு சொல்கூட விடவில்லை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். நீயும் பெருக்கிக்கொள். எனக்கு அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை.

பத்து வருடமாக ஊருக்கெல்லாம் 'பயப்படாதே' என்று பாடி வருகிறேன். அந்தப் பாட்டால் ஒரு கெடுதல் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குப் பயம். உன் வேலைக்காகத்தான் சொன்னேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். உண்மையில் என் பாட்டுக்காகத்தான் உன்னை வாயை மூடச் சொன்னேன்.

போய்ச் சொல் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வரவா? உன்னோடு வந்து வெளியே நிற்கிறேன். அதற்கு மட்டும்தான் நான் லாயக்கு.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நல்ல பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று காலை ஹெட் சிஸ்டர் மறுநாள் ஆபரேஷன் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பெயருக்குப் பக்கத்தில் வயது ஏழு என்று இருந்தது. குடல்வால். அதற்கு எடுத்து வைக்க வேண்டிய செட் அலமாரியில் இருந்தது. டேப்பில் என் கையெழுத்து, அந்தத் தேதி. கையை நீட்டினேன், எடுக்க முடியவில்லை.

"என்ன, மரமாட்டம் நிக்கிற?" என்றார் ஹெட் சிஸ்டர்.

"இது வேண்டாம் சிஸ்டர்."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

சொன்னேன். கடிகாரம், பாரம், பாட்டு, டீ வண்டி எல்லாவற்றையும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. "பாட்டா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்ன விதத்தைத் தாங்க முடியவில்லை.

மீதி இரண்டு செட்டுகளையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஒன்றில் ஒன்றும் இல்லை. இன்னொன்றில் கிருமி வளர்ந்திருந்தது. குழந்தைக்குப் போக இருந்தது எது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பெயிண்டரின் செட்டைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. விழுந்த இடத்து மண்ணாலும் சீழ் பிடித்திருக்கலாம் என்றார் மருத்துவர். இருக்கலாம் என்ற சொல்லை இரவும் பகலும் புரட்டிப் பார்க்கிறேன். அது ஒரு பக்கமும் சாய மாட்டேன் என்கிறது.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் ஸ்டோர்காரரையும் கூப்பிட்டு விசாரித்தார். இன்றைக்கு அந்த அறையில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கிறார்களாம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த ஆளப் போய்ப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

போனேன். ஹெட் சிஸ்டர்தான் வார்டு வரை கூட வந்தார். பெயிண்டர் முப்பத்தைந்து வயது இருப்பார். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட் இருந்தது. அவர் மனைவி காலருகில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன நிமிஷம் கொறஞ்சிருக்கும்?" என்று அவர் கேட்டார்.

"அஞ்சு, ஆறு நிமிஷம் இருக்கலாம். சரியா தெரியாதுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். "மொத கோட்டு காயறதுக்குள்ள அடுத்த கோட்டு அடிச்சா உரிஞ்சுக்கிட்டு வரும். நானும் அவசரத்துல அடிச்சிருக்கேன். ஆனா அது செவுரும்மா." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி துணியைத் தண்ணீரில் முக்கினார். துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்தார்.

ஐந்தாம் தேதி காலை தகட்டை எடுக்கிறார்கள். உள்ளே பார்த்த பிறகுதான் கால் நிற்குமா என்று சொல்வார்களாம்.

நீங்கள் வர வேண்டாம் அக்கா. வருகிறேன் என்று எழுதியதே போதும்.

பானைக்காரி
(இந்தப் பெயருக்கு இப்போது உரிமை இல்லை, ஆனாலும் வேறு பெயர் தோன்றவில்லை.)

*

ஏப்ரல் 2

தங்கச்சி,

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் பாடப் போனேன். அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். எப்போதும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டாவது அடியில் நின்றுவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிச் சமாளித்தேன். மேளக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் வரும்போது, "தொண்டையெல்லாம் நல்லாத்தான இருக்கு?" என்றார். வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் எழுதினேன் என்று யோசிக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யார் யார் இருந்தார்கள், யார் கடிகாரம் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, எனக்கு எதுவும் தெரியாது. என் தம்பி பிழைத்து வந்ததால் பாட்டு நல்ல பாட்டாகிவிட்டது. வராமல் போயிருந்தால் அந்த ரசீதைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

இனி அதைப் பாடலாமா, விட்டுவிடலாமா? உன்னைத்தான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஐந்தாம் தேதி என்ன ஆனது என்று உடனே எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

தபால்நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

காலை எட்டு மணிக்கே ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் யாரும் விரட்டவில்லை. நீளப் பெஞ்சு ஒன்றுதான். ஒரு முனையில் பெயிண்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் மறுமுனையில் உட்கார்ந்தேன். நடுவில் அவருடைய துணிப்பை இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். அப்புறம் திரும்பவே இல்லை.

இத்தனை நாளும் கதவுக்கு உள்ளேயிருந்து அனுப்புகிறவளாக இருந்தேன். வெளியே உட்கார்ந்ததே இல்லை. உள்ளே ஒரு தட்டு நகரும் சத்தம் கேட்டாலும் அவர் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடிக்கும். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். கிண்ணம், இடுக்கி, தட்டின் மூடி என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. நான் எந்த முகத்தோடு சொல்வது?

உங்கள் பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பாடவில்லை. இனி பாடலாமா என்று கேட்டிருந்தீர்கள் அக்கா. அந்த அறையில் அது எனக்குத் துணையாக இருந்தது பொய் இல்லை. கடிகாரம் கேட்க வெட்கப்பட்டது நான். அதை உங்கள் பாட்டின் தலையில் கட்டினேன். பாடுங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பத்தரை மணிவரை யாரும் வரவில்லை. பத்தே முக்காலுக்கு மருத்துவர் முகமூடியைக் கீழே இறக்கியபடி வந்தார். நாங்கள் இருவருமே எழுந்துவிட்டோம். நான் எழுந்தது தப்போ என்று தோன்றி மறுபடி உட்கார்ந்தேன்.

"தகட எடுத்துட்டோம். கழுவியிருக்கோம். கால் இருக்கு" என்றார் மருத்துவர். "மடக்கி நடக்கிறது முன்ன மாதிரி இருக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு வாரம் பாக்கணும்."

"சாரத்துல ஏறுவாரா?" என்றார் மனைவி.

"மொதல்ல காய்ச்சல் இறங்கட்டும்மா."

மருத்துவர் போய்விட்டார். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பிறகு பெஞ்சுக்கு வந்து, என் எதிரில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"காலைலேருந்து எதாவது சாப்பிட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"போய்ச் சாப்பிடு. உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. இன்னும் ரெண்டு வாரம் போவணும், அதுக்கப்புறமும் எப்படியோ. வெறும் வயித்தோட உக்காந்திருக்க, மயங்கி விழுந்தா அதையும் நான்தான் பாக்கணும். அவ்ளோதான்."

கீழே போய் ஒரு பன்னும் டீயும் வாங்கினேன். அவர் சொன்னார் என்பதற்காக முழுவதையும் விழுங்கிவிட்டு மேலே வந்தேன். அவர் அதே முனையில் உட்கார்ந்திருந்தார். நான் பழைய இடத்துக்குப் போகும்போது, என்னைப் பார்க்காமலே, நடுவில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாளையும் போவேன்.

பானைக்காரி